20 கினி ஒப்பந்தம்: ஃபிரான்சஸ் பர்னி மூன்று நாவல்களை விற்ற கதை

1778 ஜனவரி கடைசியில் லண்டனில் 'எவலினா' என்று ஒரு நாவல் வெளிவந்தது. மூன்று பாகங்கள். வெறுமனே தைத்த படி 7 ஷில்லிங் 6 பென்ஸ், அட்டை கட்டியது 9 ஷில்லிங். ஆசிரியர் பெயர் எங்கும் இல்லை. புத்தகம் கடைக்கு வந்துவிட்டது என்பதே அதை எழுதிய 25 வயதுப் பெண்ணுக்கு, காலைச் சாப்பாட்டு மேசையில் அவருடைய சிற்றன்னை பத்திரிகை விளம்பரத்தை வாய்விட்டுப் படித்தபோதுதான் தெரிந்தது. சிற்றன்னைக்கோ எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. காசு போட்டு அச்சடித்தவருக்கும் தெரியாது.

நாவலின் முழு உரிமைக்கும் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது 20 கினி, அதாவது 21 பவுண்ட். அதே ஃபிரான்சஸ் பர்னி 18 ஆண்டுகள் கழித்து 'கமில்லா' என்ற நாவலில் கிட்டத்தட்ட 2000 பவுண்ட் பார்த்தார்.

இதை வழக்கமாகச் சொல்லும் விதம் ஒன்று உண்டு: பேராசை பிடித்த புத்தகக் கடைக்காரர், விவரம் தெரியாத பெண், ஏமாற்றம், பிறகு புகழ், நியாயம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கடைக்காரர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று நாவல்களின் ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாருடைய மனமும் மாறவில்லை என்று புரிகிறது. பர்னி சந்தைக்கு என்ன கொண்டுபோனார், எதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார், அவருக்காகப் பேசப் போனது யார் என்ற மூன்று விஷயங்கள்தான் விலையை மாற்றின.

கடை எப்படி நடந்தது

அன்றைய லண்டனில் புத்தகக் கடைக்காரர்தான் பதிப்பாளர். கையெழுத்துப் பிரதியை வாங்குவது, அச்சகத்துக்குக் கொடுப்பது, காகிதத்துக்குப் பணம் கட்டுவது, விளம்பரம் போடுவது, கல்லாவில் உட்கார்ந்து விற்பது எல்லாம் அவர்தான். காகிதமும் விலை உயர்ந்த சரக்கு, செலவில் பெரிய பங்கு அதற்கே போகும். ஒரு சாதாரண நாவல் சில நூறு படிகள்தான் அச்சாகும். அதிலும் பெரும்பகுதியை வாடகை நூலகங்கள் எடுத்துக்கொள்ளும்.

1710ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்புரிமை 14 ஆண்டுகளுக்கு. அதற்குப் பிறகும் ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. லண்டன் கடைக்காரர்கள் இதைக் கண்டுகொள்ளாமல், பழைய நூல்களின் உரிமை காலாகாலத்துக்கும் தங்களுடையது என்று தங்களுக்குள் பங்கு பிரித்து விற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1774இல் டொனால்ட்சன் எதிர் பெக்கெட் வழக்கில் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை அந்தக் கதையை முடித்துவைத்தது. பழைய பெரிய எழுத்தாளர்களை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று ஆனது. பர்னி கையெழுத்துப் பிரதியோடு சந்தைக்கு வந்தது இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

எழுதுபவர்களுக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. ஒன்று, உரிமையை மொத்தமாக விற்றுவிடுவது. கைமேல் காசு, நஷ்டம் வந்தால் கடைக்காரருக்கு, லாபம் வந்தாலும் அவருக்கே. இரண்டு, சொந்தச் செலவில் அச்சடித்துக் கடைக்காரருக்குக் கமிஷன் கொடுப்பது. உரிமை கையில் இருக்கும், முதல் போடப் பணம் வேண்டும். மூன்று, ஆட்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிப் பிறகு அச்சடிப்பது, இப்போது தமிழில் முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறோமே அது. அதற்குப் பணம் கட்டக்கூடிய பெரிய மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும். முதலும் இல்லாத, ஆள்பலமும் இல்லாத பெண்களுக்கு மிஞ்சியது முதல் வழிதான். கல்யாணம் ஆன பெண்ணென்றால் இன்னும் மோசம். சட்டப்படி அவர் தனியாக ஒப்பந்தம் போட முடியாது, சம்பாதித்ததும் கணவருடையது.

பெயர் தெரியாத திரு. கிங்

ஃபிரான்சஸ் 1752இல் கிங்ஸ் லின்னில் பிறந்தவர். அப்பா டாக்டர் சார்லஸ் பர்னி இசை ஆசிரியர், இசை வரலாறு எழுதியவர், லண்டனில் எல்லாருக்கும் வேண்டப்பட்டவர். பெண் நாவல் எழுதுவது கௌரவக் குறைவு என்ற பயத்தில், 15 வயதில் அதுவரை எழுதியதையெல்லாம் கொல்லைப்புறத்தில் போட்டு எரித்தார். எரிந்ததில் 'கேரலின் எவலின்' என்ற கதையும் ஒன்று. அதில் வரும் பெண்ணின் மகள் கதைதான் பிறகு 'எவலினா' ஆனது.

அப்பாவின் நூல்களுக்குப் படியெடுப்பது மகளுடைய வேலை. அதனால் அவருடைய கையெழுத்தை அச்சகத்தில் யாராவது அடையாளம் கண்டுவிடலாம். என்ன செய்தார்? முழு நாவலையும் வேறு கையெழுத்தில், பெரும்பாலும் ராத்திரி கண்விழித்து, மறுபடி எழுதினார். மூன்று பாக நாவல்! மறைந்திருப்பதற்கு அவர் கொடுத்த முதல் விலை இந்த உழைப்பு, இதற்கு யாரும் காசு தரவில்லை.

முதலில் அணுகியது ஜேம்ஸ் டாட்ஸ்லியை, நல்ல பெயருள்ள கடை. எழுதியவர் யார் என்று தனக்கு மட்டுமாவது சொல்லாவிட்டால் பிரதியைப் பார்க்கவே முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். அடுத்தது ஃப்ளீட் தெரு 77ஆம் எண்ணில் கடை வைத்திருந்த தாமஸ் லவுண்ட்ஸ். டாட்ஸ்லி அளவுக்கு அந்தஸ்து இல்லை, ஆனால் வாடகை நூலகமும் நடத்தியவர், எந்த நாவலுக்கு ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து கேட்பார்கள் என்று தெரிந்தவர். பெயரில்லாத பிரதி அவருக்குப் புதிதும் அல்ல. எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் தன் பெயரை மறைத்து வெளியிட்ட 'ஒட்ரான்டோ கோட்டை' இவர் கடையிலிருந்துதான் வந்தது.

பர்னியின் சகோதரர் ஒருவரைச் சகோதரிகள் எல்லாருமாகச் சேர்ந்து பெரிய கோட்டும் தொப்பியும் மாட்டி வயதான ஆள் போல ஆக்கி, இருட்டிய பிறகு பிரதியோடு அனுப்பிவைத்தார்கள். கடிதம் எழுத வேண்டிய முகவரி: திரு. கிங், ஆரஞ்சு காபிக் கடை. லவுண்ட்ஸ் முதல் இரண்டு பாகங்களைப் படித்தார், பிடித்திருந்தது, ஆனால் முழுசாக வராமல் அச்சுக்குப் போகாது என்றார். அந்த நேரத்தில் மூன்றாம் பாகம் எழுதியிருக்கவில்லை. 1777 முழுக்க அதற்கே போனது. நடுவில் அப்பாவிடம், ஏதோ ஒன்று வெளியிடப் போகிறேன், என்ன என்று மட்டும் கேட்காதீர்கள் என்று அனுமதி வாங்கியிருந்தார். அப்பா சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மூன்றாம் பாகம் போய்ச் சேர்ந்ததும் 20 கினி என்று லவுண்ட்ஸ் சொன்னார். பேரமே நடக்கவில்லை. அவ்வளவு பெரிய தொகையா என்று ஆச்சரியப்பட்டு உடனே ஒத்துக்கொண்டதாகப் பர்னியே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

லவுண்ட்ஸ் கணக்கு

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 7 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் 20 கினி என்பது 56 படிகளின் சில்லறை விலை. இப்படிச் சொன்னால் அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் பெயர் தெரியாத முதல் நாவலுக்கு அன்று ஐந்து, பத்து கினி வாங்கிக்கொண்டு போனவர்கள் நிறைய. ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் 'வேக்ஃபீல்டு பாதிரியார்' 60 பவுண்டுக்கு விற்றது, அதுவும் அன்றைய பெரிய எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனே நேரில் போய்ப் பேசி முடித்தது. லவுண்ட்ஸிடம் வந்தது என்ன? பெயர் இல்லை, சிபாரிசு இல்லை, இரண்டாவது நாவல் வருமா என்று தெரியாது, முகத்தைப் பாதி மூடிய ஒரு இளைஞன் மட்டும். டாட்ஸ்லி தொடக்கூட மறுத்ததை இவர் படித்துப் பார்த்துக் காசும் கொடுத்தார். அந்த மட்டில் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

உண்மையில் பர்னி தன் பாதுகாப்புக்குப் போட்ட ஏற்பாடுதான் விலையையும் அடித்தது. நேரில் போக முடியாது, இன்னொரு கடையில் என்ன தருவார்கள் என்று விசாரிக்க முடியாது, "டாக்டர் பர்னியின் மகள்" என்ற, லண்டனில் நிச்சயமாகக் காசு பெறக்கூடிய அடையாளத்தைச் சொல்ல முடியாது. பேரம் பேச வேண்டிய ஆள் காபிக் கடை முகவரியில் இருந்த ஒரு பொய்ப் பெயர்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மாத விமர்சன இதழ்கள் பாராட்டின (நாவலையே அந்த விமர்சகர்களுக்குத்தான் சமர்ப்பித்திருந்தார், கெட்டிக்காரி). ஜான்சனின் தோழி ஹெஸ்டர் த்ரேல் படித்து அவரிடம் கொடுத்தார், ஜான்சன் நாவலாசிரியர் ரிச்சர்ட்சனோடு ஒப்பிட்டுப் பேசினார். ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ், எழுதியவர் யார் என்று தெரிந்துகொள்ள 50 பவுண்ட் தருவேன் என்றாராம். எழுதியவருக்கு முழு நாவலுக்கும் வந்ததே 21 பவுண்ட்! 1779 முடிவதற்குள் நான்கு பதிப்புகள். உரிமையை விற்றாகிவிட்டதால் பதிப்பு ஏற ஏற லாபம் போய்ச் சேர்ந்தது ஃப்ளீட் தெருவுக்கு.

இதற்கு நடுவில் ஒரு நாள் சிற்றன்னையோடு பர்னியே அந்தக் கடைக்குப் போய், எழுதியது யார் என்று சிற்றன்னை விசாரிக்க, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு கனவான் என்று லவுண்ட்ஸ் பதில் சொன்ன காட்சியைப் பர்னி தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வால்போலாக இருக்கும் என்று சிலர் நினைப்பதாகவும் பேச்சு வந்தது. இவ்வளவு நன்றாக இருக்கிறதே, ஆண்தான் எழுதியிருப்பார் என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அந்த 20 கினி பெண் என்பதற்காகக் குறைத்துக் கொடுத்த விலை என்று சொல்பவர்கள் இந்தக் காட்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்ணாக இருந்ததன் பாதிப்பு இருந்தது, ஆனால் அது லவுண்ட்ஸ் கல்லாவுக்கு வருவதற்கு முன்பே, பெயரை மறைக்க வேண்டிய கட்டாயத்திலேயே வேலையை முடித்துவிட்டது.

அப்பா போய்ப் பேசியபோது

இரண்டாவது நாவல் 'செசிலியா', 1782, ஐந்து பாகங்கள். இப்போது பெயர் ஊரறிந்தது. லவுண்ட்ஸிடம் போகவில்லை. தாமஸ் பெய்ன், தாமஸ் கடெல் என்ற இரண்டு பெரிய கடைக்காரர்களோடு அப்பா பேசி முடித்தார். 250 பவுண்ட். முதல் அச்சே 2000 படிகள், மூன்றே மாதத்தில் தீர்ந்தது.

தன்னிடம் ஏன் கேட்கவில்லை என்று லவுண்ட்ஸ் டாக்டர் பர்னிக்குக் கடிதம் எழுதி வருத்தப்பட்டார். நாவலில் வரும் பிரிக்ஸ் என்ற கஞ்சன் பாத்திரம் லவுண்ட்ஸை வைத்து எழுதியது என்று ஒரு பழைய வதந்தியும் உண்டு. நிஜமோ இல்லையோ, சுவையான வதந்தி.

12 மடங்கு ஏற்றம் என்று பார்த்தால் பெரிய வெற்றிதான். ஆனால் ஒப்பந்தத்தின் உள்ளே பாருங்கள், அதே வடிவம்: முழு உரிமையும் விற்பனை, பேசியது வீட்டு ஆண். 2000 படிகள் அடிக்கத் துணிகிற அளவுக்குக் கடைக்காரர்களுக்கு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்கு உண்டான பங்கு 250இல் இல்லை. நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃப் 1794இல் 'உடால்ஃபோ' நாவலுக்கு ராபின்சன் நிறுவனத்திடம் 500 பவுண்ட் வாங்கியபோது ஊரே வாய்பிளந்தது, 'தி இட்டாலியன்' நாவலுக்கு 800 என்று ஏறியது. செசிலியா அந்த வரிசையில் பன்னிரண்டு ஆண்டு முன்னால் வந்த பண்டம், பாதி விலையில்.

கமில்லா

அதற்குப் பிறகு நாவல் இல்லாமல் 14 ஆண்டுகள் போயின. செசிலியாவுக்கு முன்பே, 1779இல், அவர் எழுதிய ஒரு நாடகத்தை அப்பாவும் குடும்ப நண்பரும் சேர்ந்து மேடை ஏறவிடாமல் தடுத்திருந்தார்கள். 1786 முதல் ஐந்து ஆண்டுகள் அரண்மனையில் சார்லட் ராணிக்கு உடை மாற்றும் பணி, ஆண்டுக்கு 200 பவுண்ட் சம்பளம், உடம்பு கெட்டதுதான் மிச்சம். 1793இல் புரட்சிக்குத் தப்பி வந்த அலெக்சாந்தர் தார்ப்ளே என்ற பிரெஞ்சு அதிகாரியைக் கல்யாணம் செய்தார். அவருக்கு வருமானம் கிடையாது, ராணி கொடுத்த ஆண்டுக்கு 100 பவுண்ட் ஓய்வூதியம்தான் குடும்பத்துக்கு நிலையான வரவு. குழந்தையும் பிறந்தது. பணம் வேண்டும், உடனே வேண்டும்.

இந்த முறை முன்பணத் திட்டம். ஒரு கினி கட்டினால் ஐந்து பாகமும் கிடைக்கும். பணம் வசூலித்துப் பெயர் எழுதிய பேரேடுகளை வைத்திருந்தது கடைக்காரர்கள் இல்லை, திருமதி க்ரூ, திருமதி பாஸ்கவன், திருமதி லாக் போன்ற சீமாட்டிகள். அரண்மனையில் வீணாய்ப்போனதாக எல்லாரும் சொல்லும் ஐந்து ஆண்டுகள் இங்கேதான் காசானது: ராணிக்குச் சமர்ப்பணம், அரசரும் ராணியும் சேர்ந்து 100 கினி கொடுத்தார்கள், அந்தச் சமர்ப்பணத்தைப் பார்த்து மற்றவர்கள் வரிசையில் வந்தார்கள். கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்.

பட்டியலில் அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கும் இருக்கிறார், வாரன் ஹேஸ்டிங்ஸும் இருக்கிறார். வங்காளத்தில் செய்த கொடுமைகளுக்காக ஹேஸ்டிங்ஸை ஏழு ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் நிறுத்தி விசாரித்த வழக்கை நடத்தியவர் பர்க். 1795இல்தான் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். மறு ஆண்டு இரண்டு பேரும் ஒரே நாவலுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். கிழக்கிந்தியப் பக்கத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக ஹேஸ்டிங்ஸ் உற்சாகமாகச் சொன்னதைப் பர்னி எழுதியிருக்கிறார். பர்க் அப்போதுதான் இறந்துபோன மகன், தம்பி பெயர்களையும் சேர்த்து 20 பவுண்ட் அனுப்பி, ஒரே ஒரு செட் போதும் என்றார்.

வசூல் ஒரு பக்கம். மறுபக்கம் உரிமைப் பேரம். இதற்குப் பர்னியின் தம்பி சார்லஸ் (அப்பா பெயர்தான் இவருக்கும்) போனார். முன்பணம் கையில் இருந்ததால் யார் காலிலும் விழ வேண்டியதில்லை, நீங்கள் எடுக்காவிட்டால் நாங்களே அச்சடித்துக்கொள்கிறோம் என்று சொல்லும் தெம்பு இருந்தது. பெய்ன், கடெல், டேவிஸ் சேர்ந்து 1000 பவுண்டுக்கு உரிமையை வாங்கினார்கள். 1796 ஜூலையில் 4000 படிகள் அச்சானது, சில மாதங்களிலேயே மீதி இருந்தது ஏறக்குறைய 500தான். மொத்தம் 2000 பவுண்ட் அளவுக்கு வந்தது, அதில் சர்ரேயில் ஒரு வீடு கட்டி அதற்குக் 'கமில்லா காட்டேஜ்' என்றே பெயர் வைத்தார்கள். சட்டப்படி அந்தப் பணம் கணவருடையது, வாய்த்தவர் நல்லவர் என்பதால் பிரச்சினை இல்லை.

நாவல்? என் கருத்து: மூன்றில் இதுதான் சுமார். எவலினாவின் துள்ளல் இல்லை, பக்கம் பக்கமாக உபதேசம். விமர்சகர்களும் அப்படித்தான் சொன்னார்கள். சுமாரான புத்தகத்துக்கு 2000, அருமையான புத்தகத்துக்கு 21. சரக்கின் தரத்துக்கும் விலைக்கும் எவ்வளவு சம்பந்தம் என்று இதிலேயே தெரிகிறது.

வாய்ப்பு இல்லாதவர்கள்

பர்னியை மட்டும் வைத்து, முன்பணத் திட்டம் வந்ததும் பெண்களுக்கு விடிந்துவிட்டது என்று எழுதினால் தப்பாகிவிடும். பிரிஸ்டலில் பால் விற்ற ஆன் இயர்ஸ்லியின் கவிதைகளை எழுத்தாளர் ஹன்னா மோர் முன்னின்று ஆயிரம் பேரிடம் பணம் வாங்கி, கடெல் மூலம் 1785இல் வெளியிட்டார். 350 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஆனால் அந்தப் பணத்தை மோரும் எலிசபெத் மாண்டேகுவும் அறங்காவலர்களாக இருந்து பூட்டி வைத்துக்கொண்டார்கள், பால்காரிக்குப் பணத்தை ஆளத் தெரியாது என்று. பெரிய சண்டை. தன் காசைத் தானே கேட்டதற்கு நன்றிகெட்டவள் என்ற பட்டமும் வந்தது.

நாவலாசிரியை சார்லட் ஸ்மித் கதை வேறு மாதிரி. கணவர் கடனாளி, 1787இல் பிரிந்துவந்தார், பிள்ளைகளைக் காப்பாற்றப் பத்து ஆண்டுகளில் பத்து நாவல் எழுதினார். ஒரு பாகத்துக்கு ஏறக்குறைய 50 பவுண்ட் என்று கடெலோடு கணக்கு, எழுதுவதற்கு முன்பே வாங்கிச் செலவழித்த முன்பணம், பிரிந்து போன கணவர் சட்டத்தைக் காட்டி வந்து சம்பளத்தில் கைவைப்பது என்று போனது வாழ்க்கை. 'டெஸ்மண்ட்' நாவல் பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தது, அது கடெலிடமிருந்து வரவில்லை, ராபின்சன் வெளியிட்டார்.

கமில்லாவின் முன்பணப் பட்டியலில் இன்னொரு பெயர்: மிஸ் ஜே. ஆஸ்டின், ஸ்டீவன்டன். அந்த இருபது வயதுப் பெண், ஜேன் ஆஸ்டினின் நாவல் ஒன்றைப் பற்றி அவருடைய அப்பா 1797 நவம்பரில் கடெலுக்குக் கடிதம் எழுதினார். மூன்று பாகம், மிஸ் பர்னியின் எவலினா அளவு இருக்கும், ஆசிரியர் பொறுப்பில் அச்சடித்தால் என்ன செலவாகும், நீங்களே வாங்கினால் என்ன தருவீர்கள் என்று. பிரதியைக்கூடப் பார்க்காமல் மறுதபாலில் மறுத்துவிட்டார்கள். 1803இல் வேறு ஒரு நாவலை கிராஸ்பி என்ற கடைக்காரர் 10 பவுண்டுக்கு வாங்கி, விளம்பரமும் செய்து, அச்சடிக்காமல் போட்டுவைத்தார். 1816இல் அதே 10 பவுண்டைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

கடெல் பார்க்காமல் திருப்பிய நாவல் பிறகு திருத்தி எழுதப்பட்டு 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' ஆனது. அந்தத் தலைப்பே செசிலியாவின் கடைசிப் பக்கங்களில் வரும் சொற்றொடர். ஆஸ்டின் அதை 1812இல் எகர்ட்டன் என்ற கடைக்காரருக்கு 110 பவுண்டுக்கு முழுசாக விற்றார். 150 எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. பிறகு வந்த பதிப்புகளில் அவருக்கு ஒரு பென்னியும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு தன் சொந்தப் பொறுப்பில் போட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 140 பவுண்ட் லாபம் கொடுத்தது, பதிப்புரிமையும் அவரிடமே இருந்தது.